முதலில் எஸ்எம்பிஎஸ், கடைசியில் கார்டு: கேமிங் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸும் பவரும் கூட்ட முழுமையான வழிகாட்டி

சேலத்தில் என்னிடம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டே வருகிறார்கள். கார்டு கேபினெட்டுக்குள் நுழையாது. நுழைந்தால் கொடுக்க வேண்டிய பவர் பின் இருக்காது. பின்னும் இருந்தால், விளையாட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் மொத்தமும் அணைந்துவிடும். இந்த மூன்றிலும் கார்டு மேல் தவறு இல்லை, வேலை செய்த வரிசைதான் தவறு.

சரியான வரிசை இது: எது குறை என்று கண்டுபிடிப்பது, இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரன்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) படிப்பது, சுவரையும் யுபிஎஸ்ஸையும் பார்ப்பது, கேபினெட்டை அளப்பது, அப்புறம்தான் கார்டு. கீழே அதே வரிசையில் எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், இஞ்ச் டேப், டார்ச், போன் கேமரா, ஒரு நோட்டு. கம்ப்யூட்டரின் உள் விவரத்தையும் சூட்டையும் சுமையையும் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ஹெச்டபிள்யூஇன்ஃபோ, சிபியு-இசட், ஜிபியு-இசட் நான்கு மென்பொருளையும் போட்டுக்கொள்ளுங்கள். நான்கும் இலவசம்.

1. உள்ளே இருப்பதை எழுதுங்கள்

சிபியு-இசட் திறந்து பிராசஸர், மதர்போர்டு மாடல், ரேம் எத்தனை துண்டு, சிங்கிள் சேனலா டூயல் சேனலா என்று குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மானிட்டர் எதற்கு என்று கேட்பார்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நொடிக்கு 60 படத்துக்கு மேல் கண்ணுக்கு வந்து சேராது. மானிட்டரை மாற்றும் எண்ணம் இல்லாதவர் பெரிய கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண்.

ஆபீஸில் கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டரை வாங்கி கேமிங்குக்கு மாற்ற நினைக்கிறவர்கள் இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் அளவும், மதர்போர்டுக்குப் போகும் பின்னும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஒல்லியான கேபினெட் என்றால் முழு உயரக் கார்டும் நிற்காது. அப்படிப்பட்டவர்களுக்கு, தனி பவர் பின் கேட்காத, சுமார் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி போன்ற கார்டின் குட்டை வடிவம்தான் வழி. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் அது ஓடுகிறது.

2. பிடித்து இழுப்பது எது?

நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறவுங்கள். வி-சிங்க்கை (ஃப்ரேமை, அதாவது நொடிக்கு வரும் படத்தை, மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிப்போடும் அமைப்பு) அணையுங்கள், ஃப்ரேம் லிமிட் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் சோதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. லிமிட் இருக்கும்போது கார்டு 60 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், பழியைப் பிராசஸர் மேல் போட்டுவிடுவீர்கள்.

ஆஃப்டர்பர்னரில் கார்டின் உபயோக சதவீதத்தைத் திரையில் வரவையுங்கள். 95 முதல் 99 வரை நின்றால் கார்டுதான் திணறுகிறது. 60, 70 என்று ஆடிக்கொண்டிருக்க, பிராசஸரின் ஏதாவது ஒரு கோர் மட்டும் முழுதாக ஓடினால் குறை பிராசஸரில்.

இன்னும் உறுதி வேண்டுமா? ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எகிறினால் கார்டு குறை. எகிறவே இல்லையென்றால், எந்தக் கார்டை வாங்கிப் போட்டாலும் இதே ஃப்ரேம்தான். காரணம் எளிது. ரெசல்யூஷன் குறைந்தால் கார்டின் வேலை குறையும், பிராசஸரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

3. காசு செலவாகாத திருத்தங்களை முடியுங்கள்

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா என்று பாருங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு ஆறு மாதம் விளையாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60இல் நிற்கலாம். ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் இன்னொரு துண்டு போட்டு டூயல் சேனல் ஆக்குவது சில கேம்களில் நன்றாகவே தெரியும். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் தூசி. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் வீட்டிலேயே தறி ஓடும். அங்கிருந்து வரும் கேபினெட்டின் அடி ஃபில்டரை உருவினால், பஞ்சு படிந்து கம்பளித் துணி மாதிரி ஒரே தகடாக எழுந்து வரும். எஸ்எம்பிஎஸ் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்தே காற்று அடியுங்கள், அப்போது ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

4. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஸ்டிக்கரைப் போனில் படம் பிடியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிடுங்கள். கீழே சின்னக் கட்டம் இருக்கும்: +3.3வி, +5வி, +12வி என்று. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம் அதுதான்.

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டி, "அண்ணா, 500 வாட்டுன்னு போட்டிருக்கே, போதாதா?" என்று கேட்டான். "பெரிய எழுத்தப் பாக்காத தம்பி, கட்டத்தப் பாரு" என்றேன். +12வி என்ற இடத்தில் 18ஏ. பெருக்கினால் 216 வாட். மிச்ச வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட்டில் கூட்டிக் காட்டிய கணக்கு. அந்த 216ஐயும் அது தொடர்ந்து தரும் என்று நான் நம்ப மாட்டேன். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45ஏ இருக்கும், அதாவது 540 வாட்.

கூடவே பார்க்க வேண்டியவை இரண்டு. பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. புது கார்டோடு அதைச் சேர்க்காதீர்கள். ஸ்விட்ச்சை 115 பக்கம் தள்ளவும் கூடாது, நம் வீட்டு 230 வோல்ட் அதை எரித்துவிடும். அடுத்தது வயது. ஐந்து வருட உத்தரவாதம் முடிந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு புது கார்டைக் கோக்க நான் சொல்லவே மாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருக்கும் 80 ப்ளஸ் சான்று பற்றி ஒரு வார்த்தை. ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்பதெல்லாம் சுவரிலிருந்து இழுக்கும் கரன்ட்டில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேருகிறது என்பதற்கான அளவு மட்டுமே. கோல்டு வகை பாதிச் சுமையில் சுமார் 90 சதவீதத்தைத் தரும். ஓவர் கரன்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்பது அந்தப் பட்டயத்தில் வராது. அதைப் பெட்டியில் தனியாகப் பாருங்கள், அந்த மாடலைக் கழற்றிச் சோதித்த விமர்சனம் இருந்தால் படியுங்கள்.

5. எத்தனை வாட் வேண்டும்?

கணக்கு மூன்று வரிதான். பிராசஸர் உச்சத்தில் இழுப்பது, கார்டு இழுப்பது, மற்றதெல்லாம் சேர்த்து 60 வாட்.

ரைசன் 5 5600 உச்சத்தில் 76 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். மற்றவை 60. மொத்தம் 251. அதே பிராசஸரோடு 250 வாட் ஆர்டிஎக்ஸ் 5070 போட்டால் 386. பிராசஸர் இன்டெல் ஐ5-12400எஃப் என்றால் பெட்டியில் இருக்கும் 65ஐ எடுக்காதீர்கள். அதன் டர்போ உச்சம் 117 வாட், அதைத்தான் எழுத வேண்டும்.

"251தானே, 300 வாட் போதுமே" என்று தோன்றும். போதாது. கார்டு இழுக்கும் வாட் ஒரே சீராக இருக்காது. கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்குத் திடீரென்று எகிறி இறங்கும். அந்த எகிறலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள மொத்தத்தையும் அணைத்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே வந்தது. அந்த விதிப்படி செய்த பெரிய எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோ விநாடிக்குத் தன் அளவைப் போல் இரண்டு மடங்கு எகிறலையும் தாங்கியாக வேண்டும்.

4060க்கு என்விடியா சொல்வது 550 வாட், 5070க்கு 650. என் கணக்கில் வந்த எண்ணைவிட இது நிறைய என்று தெரியும். ஆனால் அந்த இடைவெளி வேண்டும். பாதிச் சுமையில் ஓடும் எஸ்எம்பிஎஸ் சூடு குறைவாக, சத்தம் குறைவாக, நீண்ட நாள் ஓடும். சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

என் தீர்ப்பு: புதிதாக வாங்குவதென்றால் 650 வாட் கோல்டு, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1. இன்றைக்கு 4060 போட்டாலும் அடுத்த கார்டுக்கும் அது நிற்கும். அதே நேரம் 850, 1000 என்று போகத் தேவையில்லை. அந்தப் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

6. கேபிளில் கை வைக்கும் முன்

6 பின் 75 வாட், 8 பின் 150 வாட் வரை தரும் என்பது கணக்கு. உங்கள் கார்டு கேட்கும் பின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வர வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பின்னிலிருந்து 6 பின்னுக்கோ 8 பின்னுக்கோ மாற்றும் குட்டி அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா பின்னின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டு அதிலிருந்து 75ஐயோ 150ஐயோ கேட்கும். என்னிடம் வந்த ஒரு கம்ப்யூட்டரில் அந்த அடாப்டரின் கறுப்பு பிளாஸ்டிக் உருகி, மஞ்சள் ஒயர் பழுப்பாகி, பின்னோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே வரவில்லை. கேபினெட்டைத் திறந்ததும் அந்தக் கருகல் வாசனை அறை முழுக்கப் பரவியது. ராத்திரி டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் உள்ள வீடு அது. நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டு, பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். கார்டு பக்கப் பின் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கப் பின்னின் வரிசை ஒன்றல்ல. செருகினால் உட்காரும், ஆனால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாம் செத்துவிடும். புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதன் பெட்டியில் வந்த கேபிள் மட்டுமே.

7. சுவர், எர்த், யுபிஎஸ்

கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்னழுத்தம் கேபினெட்டில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள், சுமார் 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் சரி செய்யாமல் ஒரு கார்டையும் மாட்டாதீர்கள்.

யுபிஎஸ்ஸில் விஏ வேறு, வாட் வேறு. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 4060 போட்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்தால் சுவரில் 300ஐத் தாண்டும், தட்டுத் தடுமாறி நிற்கும். 5070 போட்டால் 440க்கு மேல். கரன்ட் போன கணமே யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்பட்டுக் கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். 1000 விஏ, 600 வாட் எழுதியதற்குப் போங்கள்.

வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரோடு புது எஸ்எம்பிஎஸ்கள் பல ஒத்துப்போவதில்லை. இன்வர்ட்டரில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். கரன்ட் போய் வரும் இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் மூச்சைப் பிடித்திருப்பது பத்துப் பதினைந்து மில்லி விநாடிதான்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக: கோடை இடி மழை வந்தால் ஸ்விட்ச்சை அணைப்பது போதாது. பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பனி மாதங்களில் பல நாள் சும்மா கிடந்த கம்ப்யூட்டரை, அறை ஈரம் வடிந்த பிறகு போடுங்கள். தூசியும் ஈரமும் சேர்ந்தால் போர்டில் கரன்ட் கசியும். சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டு போகிறவர்கள் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால் ஸ்லாட் விரிசல் விடும்.

8. டேப்பை எடுங்கள்

ஸ்லாட் இருக்கும் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை அளந்துகொள்ளுங்கள். முன்னால் ரேடியேட்டர் இருந்தால் அதன் தடிமனைக் கழியுங்கள். கார்டின் நீளம் இதைவிட 20 மில்லிமீட்டராவது குறைவாக இருக்கட்டும். தடிமன் இரண்டு ஸ்லாட்டா மூன்றா என்றும், பவர் பின் மேல்பக்கம் இருந்தால் கதவு மூடுமா என்றும் பாருங்கள். புதிய கார்டுகள் சிலவற்றுக்கு வரும் 16 பின் பவர் கேபிளைச் செருகிய இடத்திலேயே மடக்கக் கூடாது. 35 மில்லிமீட்டர் நேராக வந்த பிறகே வளைய வேண்டும்.

9. இப்போது கார்டு

இதுவரை எழுதிய நோட்டே பாதி முடிவைச் சொல்லிவிடும். மிச்சம் இரண்டு விஷயம்.

கார்டு செருகும் மதர்போர்டு ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 வகை என்றால், கார்டு எத்தனை லேன் (டேட்டா போகும் பாதை) பயன்படுத்துகிறது என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன், பழைய போர்டில் நன்றாக அடி வாங்கும். 4060, ஆர்எக்ஸ் 6600 போன்றவை 8 லேன், பெரிய இழப்பு இருக்காது. இன்டெல் ஆர்க் பி580 12ஜிபி தருகிறது, ஆனால் ரீசைஸபிள் பார் (பிராசஸர் கார்டு மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் எட்ட விடும்) வசதி இல்லாத போர்டில் அதைப் போடவே வேண்டாம்.

அடுத்தது கார்டு மெமரி. நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 8ஜிபியோடு நிற்காதீர்கள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 8, 16 இரண்டும் உண்டு, ஒரே பெயரில். பில் போடும் முன் பெட்டியில் எண்ணைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம், எஸ்எம்பிஎஸ் மட்டும் கூடாது. கார்டை விற்பவர் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஜிபியு-இசட்டில் பெயரும் மெமரியும் ஒத்துப்போகிறதா, கார்டை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் 15 நிமிடம் ஓடினால் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

10. மாட்டும் வரிசை

முதல் நாள் எஸ்எம்பிஎஸ் மட்டும் மாற்றுங்கள், பழைய கார்டோடு ஒரு நாள் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வந்தால் எதனால் என்று தெரியாது.

அடுத்த நாள் டிடியு (டிரைவரைச் சுத்தமாக நீக்கும் மென்பொருள்) கொண்டு பழைய டிரைவரை நீக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரன்ட்டை வடியுங்கள். ஸ்லாட்டின் கொக்கியை விடுவித்த பிறகே பழைய கார்டை இழுங்கள். புதியது டக்கென்று உட்கார வேண்டும். ஸ்க்ரூ போடுங்கள். இரண்டு 8 பின் கேட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள். மானிட்டர் கேபிள் கார்டில்.

11. சோதனை

சாயங்காலம் குளிர்ந்த பிறகு சோதிக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, நீங்கள் வழக்கமாக விளையாடும் அறையில், ஒரு மணி நேரம் கேம் ஓட்டுங்கள். அறை பத்து டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவே நிற்க வேண்டும். கார்டு 83 டிகிரியை ஒட்டியே நின்றால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். சில ஃப்ரேம்தான் போகும், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும். மே மாதம் முழுக்க நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மொத்தமும் அணைந்து தானாக மறுபடி கிளம்பினால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் அல்லது சரியாக உட்காராத பவர் பின். திரை மட்டும் கறுத்து ஃபேன் அலறினால் கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் டிரைவர் அல்லது ரேம். விண்டோஸ் பதிவில் கெர்னல் பவர் 41 என்று வருவதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

ஒரு மாதம் கழித்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, பவர் பின் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, ஒயர் நிறம் மாறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தறி வீடுகளில் அதே நாளில் ஃபில்டரையும் கழுவிவிடுங்கள்.